லம்

சித்த மருந்தகத்தின் பின்கொட்டில்.
புதன்கிழமை, பின்னேரம் நாலரை.
ஒட்டுசுட்டான் வீதியில் போகும் உழவு இயந்திரத்தின் அதிர்வு
பாய்க்குக் கீழால் வந்து முதுகெலும்பில் ஏறுகிறது.
"எல்லாப் பாரத்தையும் கீழ விடுங்கோ" என்கிறாள் துஷ்யந்தினி.
"நிலம் தாங்கும். நம்புங்கோ."

என் இடுப்பு நம்பவில்லை.
பாய்க்கு மேலே
ஒரு விரல் உயரத்தில்
இருந்துகொண்டிருக்கிறேன்.

பதினொரு வருஷம் இந்த வேலை.
முழங்காலில் நின்று, முகக்கவசத்துக்குள் வியர்த்து,
மண்ணைச் சாய்வாகக் குத்திக் கேட்பது:
இருக்கிறாயா, இல்லையா.
நாளுக்கு ஒரு பாயளவு. சில நாள் அதுவும் இல்லை.
சிவப்புக் கட்டைக்கு அங்கால் கால் போகக்கூடாது.
கனவிலும் போனதில்லை.

மூலாதாரத்தின் நிறம் சிவப்பு என்று
சுவரில் ஒட்டிய படம் சொல்கிறது.
நாலு இதழ். நடுவில் மஞ்சள் சதுரம்.
சதுரத்துக்குள் ஒரு யானை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிவப்பு, மஞ்சள், சதுரம்,
இதையெல்லாம் காலை ஆறரைக்கே பார்த்துவிட்டுத்தானே வருகிறேன் தங்கச்சி,
யானை மட்டும்தான் பாக்கி.

பக்கத்துப் பாயில் அரியரத்தினம், ரெக்டர் திருத்துபவர்.
வந்ததும் இடது காலைக் கழற்றிச்
சுவரில் சாத்துவார், குடையைப் போல.
"எனக்கு வேர் ஒண்டுதான், பிள்ளை.
நாலு இதழில ரெண்டு காணுமோ?"
அவள் தடுமாறி முதுகடியைத் தொட்டுக் காட்டினாள்:
"அது இங்க ஐயா, காலில இல்லை."
"அப்ப தப்பீட்டுது" என்றார். கண்ணை மூடினார்.
முதல் குறட்டையும் அவருடையதுதான்.

பிறகு லம் சொன்னோம்.
பூமிக்குரிய எழுத்தாம்.
லம், லம், லம்.
என் வாய் சொல்வழி கேளாமல்
முன்னால் ஒரு நி போட்டுக்கொண்டது.

பீற்றூட், மரவள்ளி, சிவப்பரிசிச் சோறு.
நேரத்துக்குப் படுக்கை.
விடிய எழும்பிப் பத்து நிமிஷம் வெறுங்காலோடு நடை.
எல்லாரும் கொப்பியில் எழுதினோம்.
மரவள்ளி சரி. படுக்கை, பார்க்கலாம்.
வெறுங்கால் என்ற இடத்தில் என் பேனை நின்றது.
கிணற்றடிக்கும் செருப்போடு போகிறவள் நான்.

மாசியில் யானை வந்தது.
முத்தையன்கட்டுப் பக்கமிருந்து, இரவில்.
கட்டைகளை மதிக்காமல்,
நாங்கள் இன்னும் பார்க்காத துண்டுக்குள்ளால் குறுக்கே நடந்து,
பாலைமரத்தில் முதுகு உரசிவிட்டுப் போயிருந்தது.
சட்டி சட்டியாய்க் காலடிகள்.
ஒவ்வொன்றிலும் முழுப் பாரம்.
யானை நடந்தது சான்றாகாது என்றார் மேற்பார்வையாளர்.
சரிதான். ஏழாம் நாள்
ஒரு காலடிக்கு மூன்று விரல் தள்ளி
சவர்க்காரப் பெட்டியளவில் ஒன்றை எடுத்தோம்.
மஞ்சள் கட்டையை நான்தான் நட்டேன்.
நட்டுவிட்டு அந்தக் காலடியையே
பார்த்துக்கொண்டிருந்தேன், இடைவேளை முடியும்வரை.

வைகாசியில் காணி முடிந்தது. கையெழுத்தாயிற்று.
உரித்துக்காரி நகுலேஸ்வரி
மரவள்ளித் தடி நாலு கொண்டுவந்து குத்தினாள்.
"இதில இருக்கலாமோ அக்கா?"
பதில் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றினேன்.
காலுறையையும்.
இருந்தேன்.
நம்பி இருக்கவில்லை, பார்த்து முடித்து இருந்தேன்;
இந்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு
எழுத்தெழுத்தாய் வாசித்தவை இந்தக் கைகள்.
அந்த ஒரு விரல் உயரம்
இறங்கியது.
முழுதும் இல்லை, முக்கால்வாசி.
கணுக்காலில் ஓர் எறும்பு ஏறி
அங்கும் இங்கும் பார்த்துத் திரும்பிப் போனது.

புதன்கிழமைகளில் துஷ்யந்தினி
இப்போதும் அதையேதான் சொல்கிறாள்:
நிலம் தாங்கும், நம்புங்கோ.
நான் பாயின் நுனியைத் தூக்கி
ஒருதரம் கீழே பார்த்துவிட்டு இருக்கிறேன்.
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
நான் பார்த்து முடிக்கும்வரை
லம் தொடங்குவதும் இல்லை.