விடல்லே

ஏழடிக்கு இரண்டடி, கறுப்பு கிரானைட்.
எழுபது கிலோ.
நெய்யாற்றின்கரையில் யார் வீட்டுக்கோ அடுப்படி மேடை.
வெள்ளிக்கிழமை பால்காய்ப்பாம்.

களியக்காவிளை சோதனைச் சாவடி தாண்டி
நாலாவது குடோன்.
முன்னால் சுகதன், பின்னால் நான்.
நான் சேர்ந்து பதினோரு நாள்.
அவன் காலில் நீல வார்ச் செருப்பு,
என் காலில் அதுவும் கிடையாது.

படியில் அவன் குதிகால் வழுக்கிற்று.
கத்தினான்:
விடல்லே!

அவன் பாஷையில் அது கெஞ்சல்.
விட்டுவிடாதே, பிடித்துக்கொள் என்று.
என்னுடையது திசையன்விளைக் காது.
கிணற்றில் மோட்டார் இறக்கும்போது
மேலே நிற்பவனைப் பார்த்து நாங்கள் கத்துவது
விடுலே.
அதுதான் கேட்டது.
விட்டேன்.
சொன்ன சொல் கேட்கிற பிள்ளையாய்
இரண்டு கையையும் ஒரே நேரத்தில்.

கல்லுக்கு ஒன்றுமில்லை.
முதலாளி அதை மூன்று தடவை சொன்னார்.

டெம்போ ரோட்டில் ஏறி நின்றது.
குழித்துறையா பாறசாலையா,
எந்த மாநிலத்துக்கு ஒடிக்க என்றான் டிரைவர்.
ஏதாவது ஒண்ணுக்கு என்றான் சுகதன்,
நல்ல தமிழில்.
செருப்பைக் கழற்ற யாருக்கும் துணிவில்லை.
வார் எங்கே முடிகிறது
விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மூன்று விரல்.

தாளில் எழுதியிருந்தார்கள்:
கை நழுவியதால் விபத்து.
தொழிலாளியின் கவனக்குறைவு.
எந்தத் தொழிலாளி என்று இல்லை.
கை நழுவவேயில்லை சார் என்றேன்.
பின்னே எது நழுவிச்சு?
ஒரு ல்.
அவர் பேனாவை மூடினார்.
அதற்குக் கட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.

இன்று கட்டுப் பிரிக்கிற நாள்.
பாறசாலை ஸ்டாப்பில் பஸ் வந்து நிற்கிறது.
என் தோளில் தொங்கிக்கொண்டே வந்தவன்
கம்பியைப் பிடித்து
நல்ல காலைப் படியில் வைத்து
விட்டோ என்கிறான்.
போதும், நீ விடலாம் என்று அர்த்தம்.
சரியாகத்தான் கேட்கிறது இப்போது.
எடா, விட்டோ.
கேட்கிறது.
அவன் சட்டை முதுகில் என் ஐந்து விரலும்
இறுகிப் போயிருக்கின்றன.

கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார்,
பெல் கயிற்றில் கை:
ரண்டாளும் உண்டோ?