ஏழாவது நிமிடம்

ஹார்லிங்கனுக்கு வடக்கே, கடலணைக்கு இந்தப் பக்கம்
வீர்ஸ்மா குத்தகைக்கு விட்ட
எண்பது மீட்டர் புல்.
மிச்சமெல்லாம் அவருடைய செம்மறிகளுக்கு.

செவ்வாய்க்கிழமை. வந்தது இரண்டே பேர்:
நான், அப்புறம் ஹெஸல்.
பதினான்கு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.
போன மே மாதம் அவனுடைய சிவப்பு விமானம்
என் மேல்சிறகை நடுவானில் கடித்துக்கொண்டு போனது.
நீதான் குறுக்கே வந்தாய் என்றான்.
நானும் அதையேதான் சொன்னேன்.

சங்க விதி ஒன்று உண்டு.
பறக்கவிடுகிறவர் கண் விமானத்தை விட்டு நகராது,
ஆகவே தரையைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் வேண்டும்.
நிற்கிறான்.
கன்னத்தில் ஒதுக்கிய புதினா மிட்டாயோடு.

என் வேலை பாலம் தூக்குவது.
பொத்தானை அழுத்தினால் சாலை எழுந்து நிற்கும்,
பாய்மரம் கடந்ததும் படுத்துக்கொள்ளும்.
இந்த மஞ்சள் பூச்சிக்கு அந்தப் பொறுமை கிடையாது.
இரண்டடுக்குச் சிறகு, இடையில் குச்சித் தூண்கள்,
கம்பிக்குப் பதில் கறுப்பு எலாஸ்டிக் நூல்,
எல்லாம் சேர்ந்து காற்றைப் பிடித்து இழுக்கும்.
மோட்டாரைக் குறைத்தால் மிதக்காது.
கைதவறிய குடம்தான்.

விலகிப் போகையில் என் இடது அதற்கும் இடது.
திரும்பி என்னைப் பார்த்து வருகையில்
எல்லாம் மாறிப்போகும்.
ஆறு வருடம் பிடித்தது விரல்களுக்கு:
எந்தச் சிறகு தாழ்கிறதோ
அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு,
சாய்கிறவனுக்குத் தோள் கொடுக்கிற மாதிரி.
யோசித்தால் தொலைந்தாய்.

இரண்டு கரணம். அணைக்கு மேல் ஒரு எட்டு.
ஒரு நிமிடம் வெயில், சிறகுத் துணி ஊடுருவித் தெரிந்தது,
உள்ளே நான் ஒட்டிய எலும்புகள்.

ஆறாவது நிமிடம் கடிகாரம் கத்தியது.
மேற்கே கடல், அங்கிருந்து காற்று.
ஓடுபாதையோ தெற்கு வடக்காகக் கிடக்கிறது.
நண்டு நடையாய்க் கொண்டுவந்தேன்,
மூக்கு கடலைப் பார்க்க, உடம்பு புல்லை நோக்கி.
இடுப்பளவு உயரம்.
முழங்கால்.

"செம்மறி, பௌக்யே."

பெயரையும் சேர்த்துச் சொன்னான்.
விசையை முழுக்கத் தள்ளினேன்.
ஒரு சக்கரம் கம்பளியை உரசியதோ என்னவோ,
ஆடு மெல்லுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது சுற்றில் மோட்டார் திக்கியது.
பேட்டரி தீர்ந்த திக்கல்.
அவன் நிறுத்தவே இல்லை:
"உயரம் போதும். ஆடு போய்விட்டது.
இல்லை, நிற்கிறது, ஆனால் ஓரமாக.
இப்போது நேராக்கு. இப்போது."
பாதம் புல்லில் இருந்தும்
சுக்கானை மிதிப்பதுபோல் கட்டைவிரலை அழுத்தினேன்.

இரண்டு சக்கரம், பிறகு வால்.
அழகாக உருண்டது ஐந்து மீட்டர்.
அப்புறம் காற்று வாலுக்கடியில் கைவைத்துத் தூக்க
மூக்கு மண்ணில், பின்புறம் வானத்தில்.

விசிறி உடைந்தது. ஒன்பது யூரோ.
ஆடு வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

"அன்றைக்கு..." என்று தொடங்கினான் ஹெஸல்.
மிட்டாயைக் கடித்து நொறுக்கினான்.
அதோடு சரி.

அடுத்தது அவன் முறை.
சிவப்பு விமானத்தைத் தூக்கி என்னைத் தாண்டிப் போனான்.
கீழ்ச்சிறகின் விளிம்பில்
விரல்நகம் அளவு என் மஞ்சள் பெயின்ட்.
பதினான்கு மாதம், தேய்த்து எடுக்கவில்லை.

ஏனென்று நான் கேட்கவில்லை.
பக்கத்தில் போய் நின்று
"பாதை காலி" என்றேன்.