கோட்டுக்குக் கீழே

எந்த ஆட்டத்துக்குக் கண்விழிக்கலாம் என்று
டீசல் போட வரும் சார்ஜண்ட் வெண்டெல்
ரசீதின் முதுகில் எழுதித் தந்துவிட்டுப் போனார்.
அரையிறுதி இரண்டு. புத்தாண்டன்று ஒன்று.
பிறகு ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே ஏழெட்டு ஆட்டம்:
"இதற்கெல்லாம் தூங்கு."

தூங்கினால் சம்பளம் யார் தருவது?
லாண்ட்ஸ்டூலில் இரவு பதினொன்று, பனி.
கல்லாவுக்கடியில் என் போனில்
எங்கோ பட்டப்பகல்;
கல்லூரிப் பையன்கள் கடாக்களாய் முட்டிக்கொள்கிறார்கள்.

ஆறு வென்று ஆறு தோற்ற இரண்டு அணி.
பயிற்சியாளர் போன வாரமே
வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று.
வரப்போகும் பெரிய சம்பளத்துக்காக
முழங்காலைப் பத்திரப்படுத்தி
நட்சத்திரம் வரவேயில்லை.
பாதி நாற்காலி வெயில் காய்கிறது.
ஜெயித்தால் ஒரு கிண்ணம். அதிலும்
ஏதோ நொறுக்குத்தீனிக் கம்பெனியின் பெயர்.

முப்பத்தெட்டாம் எண்காரனிடம்
இதை யாரும் சொல்லவில்லை போலும்.
நாலு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன்,
வெள்ளத்தில் பிள்ளையைத் தூக்கி ஓடுகிறவன் மாதிரி
பந்தை நெஞ்சோடு இறுக்கி,
மூன்று பேர் முதுகில் தொங்க
விழவே மாட்டேன் என்கிறான்.

விழுந்தான்.

நாலாம் பம்ப் ஆள் கண்ணாடியைத் தட்டுகிறார்.
மொமென்ட், என்கிறேன்.
அங்கே சங்கிலி கொண்டுவந்து அளக்கிறார்கள்,
ஒரு விரற்கடையா, அரையா.

அவரும் குனிந்து பார்க்கிறார்,
ஐம்பது யூரோ நோட்டு கையிலேயே,
தொப்பியில் பனி சேர.
"முக்கியமான ஆட்டமோ?"

சங்கிலி இன்னும் இறுகவில்லை.
யா, என்றேன்.