அங்க மழை உண்டா?

ரேஷன் கடை மிஷினுக்கு என் விரலைத் தெரியாது.
துடைத்து, ஊதி, அமர்த்தி, மறுபடி துடைத்து
கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி.
பதினாறு வருசம் பள்ளியாடி அண்டியாப்பீசில்
தோடு உடைத்த கை.
எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது.

அப்படிப்பட்ட என்னை ஒருத்தி
'டியர் ஸ்டெல்லாபாய்' என்று கூப்பிட்டாள்,
டெலிகிராமில், காலை ஆறேகாலுக்கு.
பெயர் அனன்யா. படத்தில் மூக்குக்கண்ணாடி.
ஓட்டல் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் குத்தினால்
ஐம்பது ரூபாய். அவ்வளவுதான் வேலை.

நான் படி மிதிக்காத ஓட்டல்கள்,
நீலக் குளம், வெள்ளை மெத்தை.
மத்தியானம் மரச்சீனிக் கிழங்கைப் பிட்டபடி
மூன்று ஓட்டலை உயர்த்திவிட்டேன்.
மீன்கறி ஆறுமுன்னே
நூற்றைம்பது வந்து விழுந்தது.
ஒரு கிலோ பருப்பு உடையாமல் எடுத்தால் எவ்வளவு கூலி என்று
என்னிடம் கேட்காதீர்கள்.

அந்த நூற்றைம்பது பொய்யில்லை.
ருசி பார்க்கக் கையில் தருகிற முழுப்பருப்பு அது.
சொத்தை மூட்டைக்குள் இருந்தது.

இரண்டாயிரம் போடச் சொன்னாள். போட்டேன்.
இரண்டாயிரத்து எண்ணூறாய்த் திரும்பியது.
ஒன்பதாயிரம் போடச் சொன்னாள்.
சீட்டுப் பணத்தை எடுத்துப் போட்டேன்.
பச்சை எழுத்தில் பன்னிரண்டாயிரத்து அறுநூறு
செல்லுக்குள் நின்றது,
கண்ணாடிப் பெட்டிக்குள் அல்வா மாதிரி.
'கணக்கு உறைந்துபோச்சு டியர்,
இருபத்திரண்டாயிரம் கட்டினால் இளகும்.
இன்று மாலை ஐந்துக்குள்.'

மார்த்தாண்டம், மேம்பாலத்துக்குக் கீழே,
நகைக்கடன் வரிசை.
மகளின் மாலை பர்சுக்குள் தாளில் சுருண்டு கிடக்க
வெளியே ஐப்பசி மழை சாய்த்து அடிக்க
எனக்கு முன்னால் ஆறு பேர்.
சும்மா நிற்கிற நேரத்தில் குரூப்பைத் திறந்தேன்.
நாற்பத்து மூன்று பேர்.
'கிடைத்தது, நன்றி மேடம்.'
'வாழ்வே மாறியது மேடம்.'
'நன்றி மேடம்.' கும்பிடு. பூச்செண்டு. கும்பிடு.

எங்கள் ஷெட்டிலும் நாற்பத்து மூன்று பேர்தான்.
சனிக்கிழமை கூலி வாங்கும்போது வந்து பாருங்கள்.
டென்னிசனின் தராசைத் திட்டுவாள் ஒருத்தி,
போன வாரப் பாக்கியை ஒருத்தி,
தன் மாப்பிள்ளையை ஒருத்தி.
நாற்பத்து மூன்று பேர் கூடின இடத்தில்
கூலியைப் பற்றி ஒரு முறுமுறுப்பு இல்லையென்றால்
அங்கே ஆட்கள் இல்லை.

பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது.
கூலி வாங்கக் கூலி கொடுக்கிற வேலை
எந்தத் தேசத்தில் உண்டு?
என் பணம் எனக்குத் தர
எதற்கு ஐந்து மணிக் கெடு?

இருந்தாலும் ஒரு நப்பாசை. அடித்தேன்:
'அங்க மழை உண்டா?'

நிமிசத்துக்கு மூன்று நன்றி சொன்ன நாற்பத்து மூன்று பேருக்கும்
மழை தெரியவில்லை.
வெயில் என்றாவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.
கொஞ்சம் கழித்து
குரூப்பிலிருந்து என்னை வெளியே தள்ளியிருந்தார்கள்.
எனக்கு முன்னால் அப்போது இரண்டு பேர்.
மாலையோடு மழையில் இறங்கினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போன் செய்தேன்.
எடுத்த பையன் நேரம் கேட்டான், பாங்க் கேட்டான்,
'பணம் போன உடனே கூப்பிட்டிருக்கணும் அக்கா' என்றான்,
திட்டாமல்.
எட்டாயிரத்து ஐம்பது. இன்னும் வரவில்லை.
வருமென்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

மறுநாள் ஷெட்டில் எல்லாவற்றையும் சத்தமாய்ச் சொன்னேன்.
சிரித்தார்கள். 'ஒனக்குக் கிறுக்கா பிள்ளே' என்றார்கள்.
ஓட்டல் படங்களைக் காட்டச் சொன்னார்கள்.
பக்கத்தில் ரெத்தினபாய் மட்டும் நிமிரவில்லை.
ஓர் அண்டி, ஒரு தட்டு. ஓர் அண்டி, ஒரு தட்டு.
அவள் கழுத்து வெறுமையாய் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
தட்டுகளுக்கு நடுவில், எனக்கு மட்டும் கேட்கும்படி,
சொன்னாள்:
'எனக்க கிட்ட
அவளுக்க பேரு காவ்யா.'