ஏழாவது கட்டம்

உருகாத ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர்.
விடியாத ஊர் என்று அடுத்த ஊருக்கு.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று
ஒட்டாவாவிலிருந்து ஒரு பெண் கேட்கிறாள்.
பயணப்படி படிவமாம்.
ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறதாம்.

அடுத்த ஊர் என்றதும் சிரிக்காதீர்கள், அம்மணி.
நடுவே வேறு ஊர் கிடையாது,
அதனால் அது அடுத்த ஊர்தான்.
ஒரு நீரிணை, ஒரு தீவு,
தீவின் முதுகில் யாரும் மிதிக்காத பனி,
மறுபடி ஒரு நீரிணை.
முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பின்காற்று இருந்தால் ஒன்றேகால் மணி,
எதிர்காற்று என்றால் ஒன்றே முக்கால்.
எழுதிக்கொண்டீர்களா?
பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

ஊலிப்பிகா பிள்ளை பெறத் தெற்கே போனாள்,
இங்கே பிரசவம் பார்க்க ஆளில்லை.
பெற்று, தையல் ஆறி,
விடியாத ஊர் வரை ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தாள்
ஒரு செவ்வாய்க்கிழமை.
மறுநாள் எங்கள் விமானம்.

புதன், அங்கே தெளிவு, இங்கே மூடுபனி.
வியாழன், இங்கே நட்சத்திரம்கூட எண்ணலாம்,
அங்கே கைவிரல் தெரியவில்லை.
வெள்ளி, இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி.
விமானிக்குப் பல்வலி.

சனிக்கிழமை கிளம்பியது.
சத்தம் கேட்டதும் ஜோபீ
பனிவண்டியை முறுக்கிக்கொண்டு வந்து நின்றான்,
பின்னால் கட்டிய சறுக்குவண்டியில்
கரிபூ தோல் இரண்டு விரித்து.
எங்கள் ஓடுதளம் குட்டை.
ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல்,
காற்றுப்பையோ அன்றைக்கு
மாறி மாறி இரண்டையும் சுட்டிக்கொண்டிருந்தது.
தலைக்கு மேலே ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.
"கேளேன்," என்றான் ஜோபீ, "தூங்குகிறார்களா என்று."
விதிப்படி கூடாது. வானொலியில் கேட்டேன்.
"தாய் தூக்கம். சின்னவள் விழிப்பு," என்றது மேலிருந்து.
கூப்பிடு தூரம், அம்மணி.
அண்ணாந்து கத்தியிருந்தால்
கேட்டிருக்குமோ என்றுகூடத் தோன்றியது.
பிறகு வால்விளக்கு தெற்கே திரும்பிவிட்டது.

மூன்று மணி நேரம் பறந்து
ஏறின இடத்திலேயே இறங்கினார்கள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அப்புறம் புயல்.
அப்புறம் இயந்திரத்துக்கு ஒரு உதிரிபாகம்,
அது வேறொரு விமானத்தில் வர வேண்டும்,
அந்த விமானம் எங்கோ மாட்டிக்கொண்டது.
நாட்களை நான் எண்ணவில்லை.
எண்ணியது எடைத்தாள்.
இங்கே ஏறுகிற எல்லாரையும் நிறுத்துத்தான் ஏற்றுவோம்,
மூட்டை, மனிதர், ஆரஞ்சுப் பெட்டி எல்லாம் ஒரே தராசில்.
முதல் புதன்கிழமைத் தாளில் சின்னவள்
மூன்று கிலோ அறுநூறு.
வந்து இறங்கிய அன்றைய தாளில்
நான்கு கிலோ நானூறு.

எண்ணூறு கிராம்.
என்னிடம் இருக்கும் சரியான அளவு அது ஒன்றுதான்.

ஜோபீ கையுறையைக் கழற்றவே இல்லை,
பிள்ளையை வாங்கத் தெரியாமல்
முதலில் ஆரஞ்சுப் பெட்டியை வாங்கினான்.
ஊலிப்பிகா என்னைப் பார்த்து
"இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றாள்.
பதிவேட்டைப் புரட்டினேன்.
ஒரு மணி முப்பத்திரண்டு நிமிடம்.
"அவ்வளவுதானா," என்றாள்.

தொலைபேசியில் தட்டச்சுச் சத்தம் நின்றிருக்கிறது.
"ஒன்றரை என்று போட்டுக்கொள்கிறேன்," என்கிறாள் அந்தப் பெண்.
போடுங்கள்.
"குழந்தைக்குத் தனியாகக் கட்டணம் உண்டா?"
மடியில் இருந்தால் கிடையாது.