ஒன்றரைப் பென்னி

லட்லோ சந்தையில் மழை.
தார்ப்பாய் ஒழுகுகிற மூலையில்
ஹெஸ்டர் பிராங்க்கம்ப் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினாள்.
"உங்களுக்காகத்தான் எடுத்து வைத்தேன், மருந்துக்காரரே."

உள்ளே கிழிசல்கள். ஐம்பது இருக்கும்.
பாதிக் கிரீடம், சாம்பல் நீலத்தில் ஒரு ஓரம்,
பிசின் காய்ந்து மஞ்சளான முதுகு.

நம் சம்பளச் சீட்டில்
ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போடுவோமே,
இவர்கள் குறுக்கே கிழித்தார்கள்.
தக்கையை மூடி ஒட்டிய வரிச்சீட்டு;
குப்பி திறந்தால் கிழியும்.
வைத்தியனுக்கும் வாணியனுக்கும் நடுவே
ராஜாவுக்கு ஒன்றரைப் பென்னி.

கிழிந்தது ஐந்து பவுண்டு.
கிழியாதது முந்நூறு.

கிரேவன் ஆர்ம்ஸில் பகலெல்லாம் வெள்ளை அங்கியில் நின்று
"பாதியில் நிறுத்தாதீங்க, முழுக்கச் சாப்பிடுங்க" என்று
முப்பது பேரிடமாவது சொல்கிறேன்.
ராத்திரி பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து
யாருமே சாப்பிடாத மருந்தைத் தேடுகிறேன்.

டப்பாவின் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி,
அது இருந்தது.
ட்ரஸ்காட் நெஞ்சுச் சஞ்சீவி.
கழுத்துவரை மருந்து. தக்கைமேல் சீட்டு,
ஒரு மூலைகூட மடங்காமல்.
பொடி எழுத்தில் ஒரு வரி:
இதற்கு அரசு எந்த உத்தரவாதமும் தரவில்லை.
(நாங்கள் இன்று நான்கு பக்கத்தில் சொல்வது.)
பக்கவாட்டில் பென்சிலில் யாரோ:
வில்ஃப்ரெட்டுக்கு, ராத்திரி ஒரு கரண்டி.

வாங்கி வருவதற்குள் இருமல் நின்றிருக்கலாம்.
வாங்கி வருவதற்குள்
வில்ஃப்ரெட்டும்.
இல்லை, கசப்புக்குப் பயந்து
கட்டிலடியில் ஒளித்துவைத்த ஏழு வயதோ என்னவோ,
பிறகு தொண்ணூறுவரை வாழ்ந்து
வரி கட்டியே செத்திருப்பான்.
காதருகே குலுக்கிப் பார்த்தேன்.
கெட்டியாக ஏதோ புரண்டு படுத்தது.

"சீட்டுக்குத்தான் விலை," என்றாள் ஹெஸ்டர்,
"குப்பி சும்மா."

ஆல்பத்தில் ஏழாம் பக்கம்
இரண்டு வருஷமாகக் காலி.
கெட்டிலின் ஆவியில் காட்டினால் பிசின் இளகும்,
மெல்ல உரித்துவிடலாம்.
நான்கு தடவை கொதிக்கவைத்தேன்.
நான்கு தடவையும் டீ போட்டேன்.

இப்போது அது சமையலறையில்
ரசப்பொடிக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே நிற்கிறது.
சந்தை மழையில் நனைந்து மூன்று நாளாய் எனக்கு இருமல்.
"கடை நிறைய மருந்து,
ஒன்றாவது எடுத்துக்கிட்டீங்களா?"
மாடியிலிருந்து கோமளவல்லி.

எடுத்துக்கொள்கிறேன் என்கிறேன்.
விளக்கைப் போடாமல்
அலமாரி முன்னால் நிற்கிறேன்,
கையில் ஒரு கரண்டி.