சத்தம் வைக்க இடம்

இருநூற்று அறுபது சதுர அடி.
பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு,
பெரியவளின் பிளஸ் டூ புத்தகங்கள் போக
மிச்சமிருந்த மூலைக்கு
ஐந்து கிலோ உலோகம் வாங்கி வந்தேன்.

பெரம்பூரில் வீட்டைக் காலி செய்து
பெர்த்துக்குக் கிளம்பிய டொரீன் அம்மா
பெட்டியோடு தூக்கிக் கொடுத்தபோது சொன்னார்:
"இதுக்குப் பக்கத்து வீடு ஆகாது, மேன்."
விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்று
கொருக்குப்பேட்டை வந்து சேரும்வரை புரியவில்லை.

ரெசனேட்டர் கிட்டார்.
வயிற்றுக்குள் ஓர் அலுமினியக் கூம்பு,
பொரிக்காத அப்பளத்தைவிட மெல்லிசு.
மேலே ஓட்டை ஓட்டையாக மூடி.
"மாவு சலிக்கிறதா?" என்றாள் சகுந்தா.
ஒரே ஒரு கம்பியைத் தொட்டேன்.
கீழ் வீட்டுக் குக்கர் விசிலை நிறுத்தியது
என்று சொன்னால் பொய்.
ஆனால் யாரோ அங்கிருந்து
"யாரு?" என்றார்கள்.

பெரியவள் போனில் அளந்து பார்த்தாள்.
மிக்ஸி எண்பத்தி நாலு.
அப்பா தொண்ணூத்தி ஒண்ணு.

ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம்
ஹெப்சிபா.
ஸ்டான்லியில் நைட் டூட்டி, பகலெல்லாம் தூக்கம்.
எனக்கோ ஹார்பர் ஷிஃப்ட் முடிவது
மதியம் இரண்டுக்கு.

அடைக்க ஆரம்பித்தேன்.
கம்பிக்கும் மூடிக்கும் நடுவில்
பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்.
ஓட்டைகளின் மேல் பழைய பனியன்.
விரல் நகங்களை ஒட்ட வெட்டினேன்,
இரும்பு நகங்களை டப்பாவில் போட்டேன்,
கட்டைவிரல் சதையால் மட்டும் தடவினேன்.
பீரோவைத் திறந்து வைத்து
புடவைகளைப் பார்த்து உட்கார்ந்தேன்.
புடவைகள் நன்றாகவே தின்றன,
துணி ஊறப்போடும் ஞாயிறு தவிர.

கேட் மூடுகிற மணி அடித்தால்
எல்லாவற்றையும் உருவிவிடுவேன்.
ஐம்பது டேங்கர் வேகன்,
நாலு நிமிஷம், என் ராஜ்ஜியம்.
கடைசி வேகன் கடந்த பிறகும்
ஒரு சுரம் மட்டும் நின்றுகொண்டிருக்கும்,
கை கழுவியும் எழுந்துபோகத் தெரியாத
விருந்தாளி மாதிரி.
அதை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

ஆடியில் ஒரு நாள் கரண்ட் போனது.
ஃபேன் நின்றது, தெரு முழுக்க டி.வி. நின்றது.
ஸ்பாஞ்சும் பனியனும் இருந்தபடியே இருக்க
கிட்டார் மட்டும்
இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.
இத்தனை நாள் என்னை மறைத்தது துணியில்லை,
ஊரின் இரைச்சல்தான் என்று
வெட்கமாக இருந்தது.

கதவு தட்டினாள் ஹெப்சிபா.
தலைமுடி கலைந்து, கண் சிவந்து.
மன்னிப்பை வாயிலேயே வைத்திருந்தேன்.

"உள்ள என்னாத்த வச்சு அடைச்சுக்கினு வாசிக்கிற?"
சொன்னேன்.
"எடுத்துடு.
சளி கட்டுன ஆளு மூச்சு வுடுற மாதிரியே கீது.
ராத்திரி பூரா வார்டுல அதத்தான் கேக்குறேன்.
தூக்கத்துலயும் எந்திரிச்சு
டியூப்பத் தேடுறேன் நானு.
ஒண்ணு ஒழுங்கா வாசி,
இல்ல உட்டுடு.
அஞ்சு மணிக்கு முழிச்சுக்குவேன்,
அதுக்கு மேல உன் இஷ்டம்."

போய்விட்டாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

இப்போது ஐந்து மணிக்குத் தொடங்குகிறேன்.
பனியன் இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை.
வலது உள்ளங்கையின் ஓரத்தைக்
கம்பிகளின் அடியில் மெதுவாக வைக்கப் பழகுகிறேன்.
விளக்கை அணைப்பதற்கும்
பிள்ளையை அணைப்பதற்கும்
ஒரே சொல் வைத்திருக்கிறோமே,
அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ
கை இருக்க வேண்டும்.
பல நாள் இருப்பதில்லை.
பெரியவள் கணக்குப் புத்தகத்தோடு
மாடிப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஸ்பாஞ்சைச் சகுந்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தாள்.
"கம்பித் துரு நாறுது" என்று
குப்பையில் போட்டுவிட்டு
பத்து ரூபாய் கேட்டாள்.